ஒன்றின் மேல் இரண்டு, இரண்டின் மேல் ஒன்று

ஜூலை 6, ஞாயிறு

பாரிசிலிருந்து நீம் வரை அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அங்கிருந்து அலெஸ் வரை போகும் சின்ன ரயில்தான் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று உயிரை வாங்கியது. அலெஸ் நிலையத்து வாசலில் நாங்கள் சேர்ந்திருந்த தொண்டு முகாமின் வேன் காத்திருந்தது. மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஊரைத் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பித்தது. அப்புறம் நேராகவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கொரியப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

இது தென் பிரான்சில் உள்ள செவென் மலைப்பகுதி. 1970இல் தேசியப் பூங்கா ஆனது, 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது என்று வேனை ஓட்டிய பொறுப்பாளர் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கழிவறை எங்கே என்பது. கூடாரங்களுக்குப் பின்னால் மரப்பலகையில் ஒரு சிறு அறை. உள்ளே ஒரு வாளி, அதன் மேல் இருக்கை, பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூள். தண்ணீர் கிடையாது. போய்விட்டு வந்தால் இரண்டு குவளை மரத்தூள் போட வேண்டும். வாளி நிரம்பினால் யார் தூக்குவது என்பதற்குச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. என் பெயர் வியாழக்கிழமை.

மொத்தம் பதினோரு பேர், ஏழு நாடுகள். இரண்டு வாரம். மலைப்பாதை ஓரமாக இடிந்துகிடக்கும் ஒரு கல்சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும். (யாரிடமும் அனுமதி கேட்காததால் இங்கே யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஊர் பெயரும் கிடையாது.)

ஜூலை 7, திங்கள்

வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பம். மதியம் பன்னிரண்டரைக்கு நிறுத்தம்.

இந்த மலைகளில் தட்டையான நிலம் என்று எதுவும் கிடையாது. பயிர் செய்ய வேண்டுமானால் சரிவை வெட்டி, சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டி, படிபடியாக நிலத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் படிக்கு இங்கே பான்செல் என்று பெயர். எதிர்மலையைப் பார்த்தால் அடிவாரத்திலிருந்து பாதி உயரம் வரை கோடு கோடாகத் தெரிகிறது. முதலில் பாறையின் இயற்கையான அடுக்கு என்றுதான் நினைத்தேன். அத்தனையும் மனிதர் கைவைத்துக் கட்டியது என்று தெரிந்தபோது வாயை மூட முடியவில்லை.

காரை, சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர். வசதி இல்லாததால் அப்படிக் கட்டவில்லை. இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் சூடான ஈரக்காற்று இந்த மலையில் மோதி, சில மணி நேரத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். சிமெண்ட் பூசிய சுவராக இருந்தால் பின்னால் தேங்கும் தண்ணீர் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். காரை இல்லாத சுவரில் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும், சுவர் நிற்கும்.

எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆங்கிலம் முப்பது வார்த்தை தெரியும், அதில் பாதி "நோ". இன்று நாங்கள் கட்டவே இல்லை. இடிந்து கிடந்ததைப் பிரித்தோம். பெரிய கல் ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், சில்லுக்கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். சுவரின் உச்சியில் தலைப்பாக வைக்கும் தட்டைக் கல் தனியாக, யாரும் மிதிக்காத இடத்தில். ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அறுபது உயரம் உள்ள சுவர் கீழே விழுந்தால் எவ்வளவு கல் என்பதை என் முதுகு இப்போது துல்லியமாகச் சொல்லும்.

ஜூலை 8, செவ்வாய்

அடிக்கல் வைத்தோம். மேஸ்திரி இரண்டு பக்கமும் மரச்சட்டம் நட்டு நூல் கட்டினார். சட்டம் செங்குத்தாக இல்லை, மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைக் காட்டி "ஃப்ருயி, ஃப்ருயி" என்றார். பழம்! கொரியப் பெண் ஓடிப்போய்ச் சமையல் கூடாரத்திலிருந்து ஒரு ஆப்பிள் எடுத்துவந்து மரியாதையாக நீட்டினாள். அவரும் வாங்கிக் கடித்துவிட்டு, கையால் சாய்வைத் திரும்பக் காட்டினார். சுவர் உயர உயர உள்ளே வாங்கும் அந்தச் சாய்வுக்கே பிரெஞ்சில் ஃப்ருயி என்றுதான் பெயராம். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். சுவர் தன் எடையால் மண் மேலேயே சாய்ந்து நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கருவிகளின் பெயரும் வேடிக்கை. கனத்த சதுரத் தலை கொண்ட ஒரு சுத்தியலுக்குத் தெத்யூ என்று பெயர். பிடிவாதக்காரன் என்று பொருள். கல்லை விட அதுதான் என் சொல் கேட்க மாட்டேன் என்கிறது.

இங்குள்ள கல் ஷிஸ்ட் வகை. அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடாக இருக்கும். ஏட்டுவாக்கில் தட்டினால் அழகாகப் பிரியும், குறுக்கே தட்டினால் பொடிதான். உள்ளே மைக்கா இருப்பதால் வெயிலில் மினுங்குகிறது. சாயங்காலம் எல்லார் கையும் ஜிகினா தடவியது போல இருந்தது.

ஜூலை 9, புதன்

சமையல் முறை எனக்கும் ஸ்பெயின் பையனுக்கும். பதினான்கு பேருக்கு. பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது: இரண்டு பேர் இறைச்சி சாப்பிட மாட்டார்கள், ஒருவருக்குப் பன்றி ஆகாது, ஒருத்திக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கடைசியில் எல்லாருக்கும் பொதுவானது பச்சைப் பயறு போல இருக்கும் புயி ஊர்ப் பருப்பும் வெங்காயமும்தான். இங்கே விளையும் இனிப்பு வெங்காயத்துக்குத் தனிப் பெயர் உண்டு, 2003இல் இருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பெயர். அதுவும் இதே மாதிரிப் படிநிலங்களில்தான் விளைகிறது. அரிந்தால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஏமாற்றம் மாதிரி இருந்தது.

பானை கொதிக்கும்போது நான் உப்புப் போட்டேன். வெளியே கரண்டி எடுக்கப் போன நேரத்தில் அவனும் போட்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் பொதுமொழி அரைகுறை ஆங்கிலம். "உப்பு ஓகே?" என்று அவன் கேட்டபோது, உப்பு இருக்கிறதா என்று கேட்கிறான் என நினைத்து "ஓகே" என்றேன். உப்பைக் குறைக்கப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி உருளைக்கிழங்கு போட்டு... இருபத்தைந்து பேர் சாப்பிடலாம் போல ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இரவெல்லாம் தண்ணீர் பாட்டில் நிரப்பும் சத்தம் கேட்டது.

இருட்ட இரவு பத்தாகிறது. வெளிச்சத்தில் தூங்கப் பழக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

இன்று மேஸ்திரி எங்கள் சுவரை இடித்தார்.

காலையில் வந்தவர் கையில் காப்பியோடு, எதுவும் பேசாமல், எங்கள் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் செக் பையனும் ஜெர்மன் பையனும் இரண்டு நாளாகக் கட்டிய பகுதி. எங்கள் கண்ணுக்கு மிக அழகு. முகப்பு வழவழவென்று, இடுக்கே தெரியாமல். புகைப்படம் கூட எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அவர் கீழிருந்து மேலாக விரலால் ஒரு கோடு இழுத்தார். "கூ த சாப்ர்" என்றார். வாள்வெட்டு.

அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது. நான்கு வரிசையிலும் இரண்டு கல் சேரும் இடம் ஒன்றின் மேல் ஒன்றாகவே வந்திருந்தது. யாரோ மேலிருந்து வாளால் வெட்டியது போல ஒரு நேர்க்கோடு. மண் நனைந்து தள்ளினால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும். கீழே இரண்டு கல் சேரும் இடத்தை மேலே ஒரு கல் மூட வேண்டும். அந்தக் கல்லின் மேல் இரண்டு கல் சேர வேண்டும். ஒன்றின் மேல் இரண்டு, இரண்டின் மேல் ஒன்று. முதல் நாளே சொன்ன பாடம்தான். ஆளுக்கொரு பக்கமிருந்து கட்டி வந்து நடுவில் சந்தித்ததில் மறந்துவிட்டோம்.

அவர் காப்பியை ஒரு கல்லின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினார். அவ்வளவுதான். இரண்டு நாள் வேலை பத்து வினாடி.

உள்ளே பார்த்தால் அதைவிட மோசம். முகப்பு அழகாக வர வேண்டுமென்று நீளக் கல்லை எல்லாம் குறுக்காக, முகம் வெளியே தெரியும்படி வைத்திருந்தோம். நீளக் கல்லின் வால் சுவருக்குள் போக வேண்டும், குட்டை முகம்தான் வெளியே தெரிய வேண்டும். பின்னால் சில்லுக்கல்லை ஒவ்வொன்றாகக் கையால் இறுக்காமல் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியிருந்தோம். அதையும் ஒரு பிடி எடுத்துக் காட்டினார், வாழைப்பழத் தோலைக் காட்டுவது மாதிரி.

செக் பையனுக்குக் கோபம். சொல்லியிருந்தால் நாங்களே பிரித்திருப்போமே என்று பொரிந்தான். அதில் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் பிரித்திருப்போமா என்பது சந்தேகம். மேலே ஒரு கல்லை மாற்றி, இடுக்கை மறைத்து, சமாளித்திருப்போம்.

வாளியும் இன்று என் முறை. நல்ல நாள்.

ஜூலை 11

கைவிரல் நசுங்கியது. நகம் கறுத்துவிட்டது. டைப் அடிக்க வலிக்கிறது. நாளை.

ஜூலை 12, சனி

விடுமுறை. அலெஸ் போனோம், எட்டுப் பேர் ஐஸ்கிரீமுக்காக, நான் துணி துவைக்கும் கடைக்காக.

துணி சுழலும் நேரத்தில் சுற்றிப் பார்த்தேன். லூயி பாஸ்டர் 1865இல் இந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறார். அப்போது இந்த மலை முழுக்கப் பட்டுதான் பிழைப்பு. மல்பெரி மரத்தைத் தங்கமரம் என்பார்களாம். ஒரு நோய் வந்து பட்டுப்புழுக்களை வாரிக்கொண்டு போனதால் அரசு அவரை அனுப்பியது. நான்கைந்து ஆண்டு வந்து வந்து போய், நுண்ணோக்கியில் பார்த்து நோயில்லாத முட்டைகளைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கியது. அப்புறம் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போனவர்கள், முதல் உலகப்போருக்குப் போனவர்கள். சுவரை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு கல் விழுந்தால் அன்றே எடுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த ஓட்டை வழியாக மண் சரியும். மிச்சத்தைக் காட்டுப்பன்றி வேரும் புழுவும் தேடிக் கிளறிப்போடும்.

துணி காய்ந்த பிறகும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நாங்கள் கட்டும் சுவரும் பாதையும் ஊராட்சிக்குச் சொந்தம். அதற்கு மேலே உள்ள நிலம் ஒரு பாட்டியுடையது. எண்பதைத் தாண்டியவர். இன்று எங்களைக் கூப்பிட்டு வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி கொடுத்தார். பெலார்தோன் என்று பெயர், உள்ளங்கை அகலத்துக்குச் சின்ன வட்டு. பால் ஒத்துக்கொள்ளாதவளும் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வருவது வரட்டும் என்றாள்.

நிலத்தின் மூலையில் இரண்டு சைப்ரஸ் மரம், அதன் கீழே கல்லறைகள். வீட்டு நிலத்திலேயே கல்லறையா என்று விழித்தோம். பொறுப்பாளர் மொழிபெயர்த்தார். இது புராட்டஸ்டண்ட் மலை. 1685இல் பதினான்காம் லூயி அவர்கள் மதத்தைத் தடை செய்தபோது மாறச் சொன்னார்கள், மாறாதவர்களுக்குக் கத்தோலிக்கக் கல்லறையில் இடமில்லை. அதனால் சொந்த வயலில் புதைத்தார்கள். 1702இல் இங்குள்ள கம்பளி நெய்பவர்களும் உழவர்களும் ராஜாவின் படையை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். அவர்களுக்குக் காமிஸார் என்று பெயர். தடை போய் எவ்வளவோ காலமாகியும் வயலில் புதைக்கும் வழக்கம் போகவில்லை. பாட்டி ஓர் இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். அது அவருக்காம். வெயில் படும் இடம், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் என்று, வீட்டு மனை காட்டுவது போலச் சொன்னார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நாங்கள் கட்டும் சுவர் எதைத் தாங்கப்போகிறது என்று.

ஜூலை 14, திங்கள்

தேசிய தினம், வேலை இல்லை. காட்டுத்தீ பயத்தால் வாணவேடிக்கையும் இல்லை. ஊர்ச் சதுக்கத்தில் நீள மேசை போட்டுச் சாப்பாடு, அப்புறம் அக்கார்டியன், ஆட்டம். மேஸ்திரி ஆடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விடாமல் ஆடினார்.

நடு இரவில் கூடாரத்துக்குத் திரும்பும்போது ஜெர்மன் பையன் இந்த மாதிரி முகாம் எல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டான். பொறுப்பாளர் சொன்ன பதில் அவனை நிற்க வைத்துவிட்டது. 1920இல், முதல் உலகப்போரின் வெர்தன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் 'ஏன்' (Esnes) என்ற கிராமத்தில். பியேர் செரெசோல் என்ற சுவிஸ்காரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, குண்டு விழுந்து தரைமட்டமான ஊரைக் கட்டப் போனார். போர் முடிந்து இரண்டே வருஷம். அவர் கூட்டிப்போனவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். ஊரில் எதிர்ப்பு. சில மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

"அப்படியென்றால் முதல் முகாமே தோல்வியா?" என்றான்.

"முடிக்கவில்லை" என்றார் பொறுப்பாளர்.

இன்றைக்கு சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்று இருக்கும் அமைப்பு அங்கே தொடங்கியதுதான். அதே செரெசோல் 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கும் வந்து வீடு கட்டும் வேலையில் இறங்கினார் என்று நான் எப்போதோ படித்ததைச் சொன்னேன். என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே.

ஜூலை 16, புதன்

பாத்திரம் கழுவுவதில் சண்டை. எல்லா முகாமிலும் இரண்டாம் வாரம் வருமாம். எழுதும் அளவுக்கு இல்லை.

எழுத வேண்டியது வேறு. இடைவேளையில் குரோவேஷியப் பெண் மேஸ்திரியிடம் நேராகவே கேட்டுவிட்டாள், இந்தச் சுவரை நீங்கள் தனியாகக் கட்டினால் எத்தனை நாள் ஆகும் என்று. அவர் சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எட்டு."

பதினோரு பேர், ஒன்பது வேலை நாள், முடியுமா என்பதே சந்தேகம். விமானம், ரயில், விசாவுக்குக் கட்டிய பணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் இங்கே வந்த செலவில் அவருக்கே கூலி கொடுத்திருக்கலாம். இதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, வேலை கற்றுக்கொடுத்து, பிழையாகக் கட்டினால் இடித்துத் திருத்தி... யார் யாருக்குத் தொண்டு செய்கிறார்கள்? விண்ணப்பத்தில் "உங்களால் என்ன தர முடியும்" என்று ஒரு கேள்வி இருந்தது. அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதை யாரும் படித்திருக்கக் கூடாது.

குரோவேஷியப் பெண் விடவில்லை. அப்புறம் ஏன் எங்களைக் கூப்பிட்டீர்கள் என்றாள். அவர் கையை விரித்தார். எட்டு நாள் தனியாக யாரிடம் பேசுவது என்று கேட்டார்.

அவள் ஊரும் கல்சுவர் ஊர்தான், ஒரு தீவு. 2018இல் காரையில்லாத கல்சுவர்க் கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது பிரான்சும் குரோவேஷியாவும் உட்பட எட்டு நாடுகள் சேர்ந்துதான் கேட்டன. எங்கள் தாத்தாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது, எனக்கு இப்போது நாலு வரிசை தெரியும் என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

கடைசி வேலை நாள். நான்கரை மீட்டர் முடிந்தது. மிச்சத்தை ஆகஸ்டில் வரும் குழு பார்த்துக்கொள்ளும். தலைப்புக் கற்களை வைத்தோம். நாங்கள் மூவரும் கட்டிய பகுதியில் வாள்வெட்டு இல்லை. நானே விரலால் மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன். முகப்பு மட்டும் முதல் தடவை போல வழவழப்பாக இல்லை, கொஞ்சம் கரடுமுரடு.

பாட்டி குச்சி ஊன்றி வந்து, பேசாமல் சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஜூலை 19, சனி

ரயிலில் எழுதுகிறேன். அலெஸ் போகும் வேன் எட்டரைக்கு. ஏழு மணிக்கே மேஸ்திரி வந்து, சுவரின் தலைப்பில் ஏறி ஒரு முனையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். நாங்கள் வரிசையாக நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மீட்டர் சத்தமில்லை. இரண்டாவதும். மூன்றாவதில் அவர் கால் வைத்ததும் "டக்" என்று ஒரு சத்தம்.

திரும்பி அதே கல்லில் மறுபடி கால் வைத்தார். டக். என்னைப் பார்த்தார்.

என் கல்தான். ஒரு மூலை ஆடியது. முன்பக்கமிருந்து சில்லு செருகினால் ஒரே நிமிஷ வேலை, ஆனால் அது நாளடைவில் நழுவி விழுந்துவிடும். தூக்கி, பின்பக்கமிருந்து அடைகொடுத்து, திரும்ப வைக்க வேண்டும். அவர் கீழே இறங்கி, தெத்யூவை என் கையில் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று ஆப்பிளைக் கடித்தார்.

செக் பையன் கல்லைத் தூக்கிப் பிடித்தான். ஜெர்மன் பையன் சில்லுக் குவியலில் தேடினான். ஒன்று தடிமன் அதிகம். இன்னொன்று தட்டியதும் பொடிந்தது. கீழே சாலையில் வேன் ஹாரன் அடித்தது. மூன்றாவதை உள்ளே தள்ளி, கல்லை இறக்கி, ஏறி நின்று பார்த்தேன். டக். இன்னும் கொஞ்சம். மறுபடி ஹாரன்.

அலெஸ் ரயிலைத் தவறவிட்டோம். இது அடுத்த ரயில்.